திங்கள் காலை 11 மணி: உணவு விநியோகச் செயலிகளில் வேலைப் பங்கீடு உருவான வரலாறு

உணவு விநியோகச் செயலிகள் எந்த ஆர்டரை எந்த ரைடருக்குத் தருகின்றன என்ற கேள்விக்கு இரண்டு வகை விடைகள் வேரூன்றிவிட்டன. கணிதத் துறையினர் இதை ஒதுக்கீட்டுச் சிக்கலாகப் பார்க்கிறார்கள்: இத்தனை ஆர்டர், இத்தனை ரைடர், மிகக் குறைந்த தாமதத்தில் யாருக்கு எது? தொழிலாளர் ஆய்வாளர்களுக்கு இது கண்காணிப்புச் சிக்கல்: ரைடரின் ஒவ்வோர் அசைவையும் கைபேசி பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பார்வையே அவரைக் கட்டுப்படுத்துகிறது. இரு தரப்பும் கதையை ஆர்டர் வந்து விழும் நொடியிலிருந்து தொடங்குகின்றன. குறைந்தது ஒரு முக்கிய நிறுவனமான டெலிவரூவிலாவது பங்கீட்டின் பெரும்பகுதி அதற்குப் பல நாள் முன்பே முடிந்துவிட்டிருந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. அந்தச் சான்று இத்தாலியின் பொலோன்யா நகரத் தொழிலாளர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று பிறப்பித்த ஓர் ஆணை.

முதலில் கணித மரபு. ஒதுக்கீட்டுச் சிக்கலுக்காக 1955-இல் ஹெரால்டு கூன் வெளியிட்ட 'ஹங்கேரிய முறை', 1959-இல் டான்ட்ஸிக், ராம்சர் இருவரும் பெட்ரோல் லாரிகளுக்காக எழுதிய கட்டுரை ஆகியவை பலமுறை பேசப்பட்டவை. செயலிகள் இந்த மரபை முதல் நாளிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. 2013-இல் டோர்டேஷ் தொடங்கியபோது அதன் நிறுவனர்கள் கூகுள் ஆவணத்தில் ஆர்டர்களைக் குறித்துக்கொண்டார்கள். நண்பர்கள் எங்கிருக்கிறார்கள் என்று காட்டும் ஐபோன் செயலியை வைத்து ஓட்டுநர்களைத் தேடினார்கள். பங்கீட்டைச் செய்தது மனித மூளை. 2018-இல் ரெயெஸ், எரேரா, சாவெல்ஸ்பெர்க் முதலியோர் க்ரப்ஹப் நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு உணவு விநியோகத்துக்கென்றே தனிக் கணிதச் சிக்கலை வரையறுத்தார்கள். 2021-இல் டெல்லி ஐஐடி ஆய்வாளர்கள் சுவிக்கியின் தரவுகளில் 'ஃபுட்மேட்ச்' முறையைச் சோதித்தார்கள். அந்த முறையில் ஆர்டர்கள் வந்தவுடன் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடப்படுவதில்லை. சிறிது நேரம் சேர்த்துவைத்து, ஒரே வழியில் போகக்கூடியவற்றை ஒன்றாகக் கட்டி, பிறகு கூனின் முறையால் ரைடர்களுடன் பொருத்தப்படுகின்றன.

இந்தக் கட்டுரைகளில் ஒரு சிறு விவரம் கவனிக்கப்படாமலே கடந்துபோகிறது. 2018-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒவ்வொரு ரைடருக்கும் வேலை தொடங்கும் நேரம், தொடங்கும் இடம், முடியும் நேரம் ஆகிய மூன்றும் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட எண்கள். அவர் எப்படி அந்த நேரத்துக்கு வந்தார், வேறு யார் வர விரும்பி வர முடியாமல் போனார் என்பது சிக்கலுக்கு வெளியே நிற்கிறது. டெல்லி ஆய்வாளர்கள் 2022-இல் எழுதிய 'ஃபேர்ஃபுடி' கட்டுரை ரைடர்களின் வருமான ஏற்றத்தாழ்வை நேரடியாகவே எதிர்கொண்ட அரிய முயற்சி. அதுவும் ரைடர் செயலியில் இருந்த நேரத்துக்கு ஏற்ற நியாயத்தையே அளக்கிறது. கதவுக்கு உள்ளே நியாயம் எப்படி என்ற கேள்விக்கு அங்கே நல்ல விடை உண்டு. கதவைப் பற்றிய கேள்வி அங்கே எழவில்லை.

அந்தக் கேள்வியைத் தொழிலாளர் ஆய்வுதான் எழுப்பியிருக்க வேண்டும். அத்துறையில் அதிகம் எடுத்தாளப்படும் ஆய்வுகளில் ஒன்று ஜேமி வுட்காக் 2020-இல் வெளியிட்டது. லண்டன் டெலிவரூ ரைடர்களுடன் சேர்ந்து நெடுங்காலம் செய்த ஆய்வின் பயன் அது. பெந்தம் வரைந்த வட்டச் சிறையையும் ஃபூக்கோ அதற்குத் தந்த விளக்கத்தையும் வுட்காக் சாலைக்குக் கொண்டுவருகிறார். மேற்பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆர்டரை ஏற்க எவ்வளவு நேரம், உணவகத்துக்குச் செல்ல எவ்வளவு நேரம் என்று அளவுகள் மட்டும் மின்னஞ்சலில் வருகின்றன. அவை எதற்குப் பயன்படுகின்றன என்று ரைடருக்குச் சொல்லப்படுவதில்லை. தெரியாததால் அவர் தம்மையே கட்டுப்படுத்திக்கொள்கிறார். இந்தக் கட்டுப்பாட்டில் பெரும்பங்கு தோற்றமே, எனவே அதை எதிர்த்து நிற்க இடமுண்டு என்பது வுட்காக்கின் முடிவு.

இந்த வாசிப்பின் பலத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 ஆகஸ்டில் லண்டன் ரைடர்கள் வேலைநிறுத்தம் செய்ததை அது நன்றாக விளங்கவைக்கிறது. மணிக்கு 7 பவுண்டும் ஒவ்வோர் ஆர்டருக்கு 1 பவுண்டும் என்றிருந்த கூலியை, ஆர்டருக்கு 3.75 பவுண்டு மட்டும் என்று மாற்ற முயன்றபோது, கண்ணுக்குத் தெரியாத முதலாளிக்கு எதிராக அவர்கள் தெருவில் திரண்டார்கள். எதிர்ப்புக்கு இடமுண்டு என்பது அங்கே மெய்யானது. கண்காணிப்பும் கற்பனையல்ல. இத்தாலியத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜூலையில் டெலிவரூவுக்கு 25 லட்சம் யூரோ அபராதம் விதித்தபோது, ரைடரின் இருப்பிடம் 12 நொடிக்கு ஒருமுறை பதிவானதைச் சுட்டிக்காட்டியது.

ஆனால் வட்டச் சிறை என்ற உருவகம் ஒன்றை எடுத்த எடுப்பிலேயே ஏற்றுக்கொள்கிறது: கைதி உள்ளே இருக்கிறார். பார்வை அவர்மீது விழ வேண்டுமானால் அவர் உள்ளே இருந்தாக வேண்டும். டெலிவரூ ரைடரின் கவலையோ அப்போது பெரும்பாலும் உள்ளே நுழைவதைப் பற்றியதாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இரவு லாகின் செய்ய இடம் கிடைக்குமா என்பதுதான் அவர் வாரத்தின் முதல் கணக்காக இருந்தது. 2016-க்குப் பின் ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி மாறிய இடங்களில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. சும்மா காத்திருக்கும் நேரத்துக்குக் காசில்லை என்றால், ஆர்டர் குவியும் நேரத்தில் உள்ளே இருப்பதே சம்பளம்.

பொலோன்யா ஆணையின் விவரங்கள் இங்கேதான் பேசத் தொடங்குகின்றன. சிஜிஐஎல் தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஃபில்காம்ஸ், நிதில், ஃபில்ட் என்ற மூன்று சங்கங்கள் டெலிவரூ மீது வழக்குத் தொடுத்தன. விசாரணைக்கு வந்தது ஸ்லாட், அதாவது வேலை நேரப் பகுதி, முன்பதிவு முறை. அடுத்த வாரத்துக்கான ஸ்லாட்டுகள் திங்கட்கிழமை மூன்று தவணையாகத் திறக்கும்: காலை 11 மணி, பிற்பகல் 3 மணி, மாலை 5 மணி. எந்தத் தவணையில் நுழையலாம் என்பதை ரைடரின் மதிப்பெண் முடிவுசெய்யும். மதிப்பெண்ணுக்கு இரண்டு கூறுகள். ஒன்று நம்பகத்தன்மை: பதிவுசெய்த ஸ்லாட்டுக்கு வந்தாரா, 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்துசெய்தாரா? மற்றொன்று பங்கேற்பு: வெள்ளி முதல் ஞாயிறு வரை இரவு 8 முதல் 10 வரையிலான உச்ச நேரத்தில் எத்தனை முறை வேலைக்கு நின்றார்? 11 மணிக்கு நுழைந்தவர் விரும்பிய நேரத்தை எடுத்துக்கொள்வார். 5 மணிக்கு நுழைந்தவருக்கு, மாத இறுதியில் நியாயவிலைக் கடைக்குப் போனவர் கதைதான்.

லண்டனில் வழங்கிய வடிவத்தோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. அங்கும் அதே மூன்று மணிகள்தாம். ஆனால் மதிப்பீடு மூன்றாகப் பிரிந்திருந்தது: வருகை, தாமதமான ரத்து, உச்ச நேரப் பங்கேற்பு. இத்தாலிய ஆணையில் முதல் இரண்டும் நம்பகத்தன்மை என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. இது வெறும் பெயர் மாற்றமா, கணக்கிடும் முறையே வேறா என்பதை ஆணையின் வாசகத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. எது முந்தியது என்பதிலும் உறுதி கூற முடியாது. லண்டன் வடிவமே மூலம் என்று கொள்வது இயல்பான ஊகம், அவ்வளவே. வருகைக் குறையும் ரத்தும் ஒரே மதிப்பெண்ணில் கலந்தபோது, வராமல் போனதற்கும் முறையாகச் சொல்லிவிட்டு விலகியதற்கும் இடையிலான கோடு மங்குகிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

நீதிமன்றத்தின் கண் பதிந்த இடமும் இதை ஒட்டியதே. ரைடர் ஏன் வரவில்லை என்று இந்த முறை பொதுவாகக் கேட்கவில்லை. நோயா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததா, சட்டப்படியான வேலைநிறுத்தமா, வெறும் சோம்பலா என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தது. வேலைநிறுத்தத்தில் சேர்ந்தவர் கடைசி நேரத்தில் விலகியவர் ஆகிறார், மதிப்பெண் இறங்குகிறது, அடுத்த திங்கட்கிழமை அவருக்குக் கதவு தாமதமாகத் திறக்கிறது. அதே நிறுவனம் விபத்துக் காயம், செயலிக் கோளாறு போன்ற ஒன்றிரண்டு காரணங்களைக் கணக்கில் கொண்டதையும் நீதிமன்றம் கவனித்தது. வேண்டும்போது பார்க்க முடிகிற அமைப்பு மற்ற நேரத்தில் பாராதிருப்பது அதன் இயலாமை அல்ல, தேர்வு என்பது அதிலிருந்து பெறப்பட்ட வாதம். 2003-ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்படி இது மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பானது. சங்கங்களுக்கு 50,000 யூரோ வழங்க உத்தரவானது.

வுட்காக்கின் வாசிப்பு இந்த இடத்தில் இடறுகிறது. அவர் காட்டும் அதிகாரம் பார்ப்பதால் இயங்குவது. பொலோன்யா காட்டும் அதிகாரம் பார்க்க மறுப்பதால் இயங்குகிறது. எங்கே இருக்கிறார் என்று 12 நொடிக்கொருமுறை அறிந்த அமைப்பு, ஏன் வரவில்லை என்று அந்த ஒன்றிரண்டு காரணங்களுக்கு அப்பால் கேட்கவில்லை. விளைவும் தோற்றம் அல்ல. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி ஸ்லாட்டை இழந்தவர் மெய்யாகவே வருமானத்தை இழந்தார். வுட்காக்கின் ஆய்வு இந்த ஆணைக்கு முந்தையது, அதன் சான்றுகள் லண்டன் தெருக்களில் திரட்டப்பட்டவை. எனவே இது அவருடைய கவனக்குறைவு அல்ல. அவருக்குப் பின் எழுதியவர்கள் ஆணையைப் படித்த பிறகும் அதே உருவகத்தைத் தொடர்வதே ஏற்க முடியாதது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்க்க வேண்டும். இத்தாலியப் பத்திரிகைகள் 'ஃபிராங்க்' என்ற அல்காரிதத்தை நீதிமன்றம் கண்டித்ததாக எழுதின. 2017-18 அளவில் டெலிவரூ அறிமுகப்படுத்திய ஃபிராங்க், ஆர்டரை ரைடருடன் பொருத்தும் மென்பொருள். வழக்கில் எடைபோடப்பட்டதோ ஸ்லாட் வரிசை. ஒரே பெயரின் கீழ் இரண்டும் சென்றதால், ஆர்டர் பொருத்தும் கணக்கிலேயே பாகுபாடு நிரூபணமானது போன்ற எண்ணம் பரவிவிட்டது. அது நிரூபணமாகவில்லை.

மதிப்பெண் இரண்டாம் கட்டத்திலும், அதாவது ஆர்டர் பொருத்தும் நொடியிலும், செல்வாக்கு செலுத்தியதா? சான்று மெலிந்த இடம் இதுவே. தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஒதுக்கீட்டு முறையில் வெளிப்படைத்தன்மை போதவில்லை என்றது, அதன் முடிவுகளைச் சரிபார்க்கவும் பாகுபாட்டைத் தடுக்கவும் பணித்தது. மதிப்பெண் அந்தக் கணக்கில் கலந்தது என்று சொல்ல இது போதாது. ஆயினும் வாதம் அந்தக் கலப்பை நம்பி நிற்கவில்லை. ஃபிராங்க் முற்றிலும் நடுநிலையானது, தூரத்தையும் வண்டியையும் மட்டுமே பார்த்தது என்றே வைத்துக்கொள்வோம். அது தேர்ந்தெடுக்கும் ரைடர் கூட்டம் திங்கட்கிழமையே சலிக்கப்பட்டுவிட்டது. வேலைநிறுத்தம் செய்தவரும் நோயுற்றவரும் உச்ச நேரத்தில் வரைபடத்திலேயே இல்லை. இல்லாதவருக்கு அருகில் எந்த உணவகமும் இல்லை. மிகச் சரியான பொருத்தமும் முன்னதாக நடந்த வடிகட்டலைச் சுமந்துகொண்டுதான் வரும். அந்த வடிகட்டலைக் கொடுக்கப்பட்ட எண்ணாக எடுத்துக்கொள்ளும் கணிதக் கட்டுரைகளால் இதைக் கண்டறியவும் முடியாது.

இந்த முன்பதிவு முறை இத்தாலியில் 2020 நவம்பரிலேயே, ஆணை வருவதற்கு முன், கைவிடப்பட்டிருந்தது. விரும்பும்போது லாகின் செய்யலாம் என்ற நிலை வந்தது. இதோடு கதவுச் சிக்கல் தீர்ந்ததாகக் கொள்வது அவசரம். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், ஆர்டருக்கு மட்டுமே கூலி என்ற நிலையில், ரைடர் கூட்டம் பெருகினால் காத்திருப்பின் செலவு முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது. ஸ்லாட்டால் நடந்த பங்கீட்டை இப்போது காத்திருப்பு செய்கிறது. இரண்டில் எது கடுமையானது என்று சொல்ல, இரு காலத்து வருமானப் பதிவுகளையும் ஒரே ஊரில் ஒப்பிட்டாக வேண்டும்.

சட்டங்கள் இந்தத் திசையில் மெல்ல நகர்கின்றன. வேலை நிலைமையைப் பாதிக்கும் அல்காரிதங்களின் அளவுகோல்களைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஸ்பெயின் 2021-இல் சட்டமாக்கியது. செயலிவழி வேலை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறை, வேலை கிடைப்பதையே தீர்மானிக்கும் தானியங்கி முடிவுகளையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. உறுப்பு நாடுகளுக்கு 2026 டிசம்பர் 2 வரை அவகாசம். அதன்படி வெளிவரும் ஆவணங்களில் ஆய்வாளர்கள் முதலில் தேட வேண்டியது ஆர்டர் பொருத்தும் சூத்திரத்தை அல்ல. யாருக்கு எந்த மணிக்குக் கதவு திறந்தது, எவ்வளவு நேரம் ஆர்டரின்றிக் காத்திருந்தார் என்ற பதிவுகள் கிடைத்தால்தான் இக்கட்டுரையின் வாதத்தை மற்ற நிறுவனங்களிலும் சோதிக்கலாம். அதுவரை இது டெலிவரூ ஒன்றுக்கு, அதுவும் 2020 நவம்பர் வரைக்குமே பொருந்தும்.