கள்ளிக்கோட்டையைக் காணும் முறை

இரண்டு நாள் விடுமுறையில் கள்ளிக்கோட்டை சென்று வரும் நம்மவர் பெரும்பாலும் ஒரே வழியில்தான் ஊரைப் பார்க்கின்றனர். முதலில் வடக்கே காப்பாட்டுக் கடற்கரை. அங்கே 1498-ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா வந்திறங்கியதை அறிவிக்கும் கல்தூண். அதன் முன் நின்று ஒரு நிழற்படம். மாலையில் மிட்டாய்த் தெருவில் அல்வா. மறுநாள் திரும்பும் பயணம். அல்வாவைப் பற்றி எமக்கு மனக்குறை ஏதுமில்லை. அந்தக் கல்லிலிருந்து தொடங்குவதே குறை. அங்கே தொடங்கினால், பறங்கியர் கண்டெடுக்கும் வரை அவ்வூர் வெறும் மணல்மேடாய்க் கிடந்ததென்றே பிள்ளைகள் எண்ணிக்கொள்வர்.

ஆகவே முதல் நாள் காலையில் குற்றிச்சிறைக்குச் செல்க. நீரைச் சிறைப்படுத்திய இடம் சிறை. தமிழருக்கு விளக்கம் வேண்டாத பெயர். அகன்ற அந்தக் குளத்தின் அருகே மிஷ்கால் பள்ளிவாசல் நிற்கிறது. மினாரா இல்லை, குவிமாடம் இல்லை. அடுக்கடுக்காய்ச் சரியும் கூரைகளுடன் நான்கு தளங்கள். முதன்முறை காண்போர் கோயிலோ அரண்மனையோ என்று ஐயுறுவர். மலையாள நாட்டுத் தச்சன் தன் கைக்குப் பழகிய முறையிலேயே இறையில்லத்தையும் எழுப்பினான். அரபு நாட்டு வணிகரும் அதனை மனமுவந்து ஏற்றனர். மேல்தளங்கள் முழுக்க மரவேலை. 24 தூண்களும் 47 கதவுகளும் இருப்பதாகக் கணக்குண்டு. உள்ளே செல்ல இயலாதவர்க்குக் குளக்கரையிலிருந்தே கூரைகளின் அழகு முழுவதும் தெரியும்.

இப்பள்ளியை எழுப்பியவர் நாகுதா மிஷ்கால் என்னும் கப்பல் உடைமையாளர். 1342-ஆம் ஆண்டளவில் இங்கு வந்த இப்னு பதூதா, சீனம், யமன், பாரசீகம் ஆகிய நாடுகளோடு வாணிகம் நடத்திய பெருஞ்செல்வராக அவரைக் குறிப்பிடுகிறார். அன்று துறைமுகத்தில் 13 சீன மரக்கலங்கள் நின்றனவாம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கடற்படையோடு வந்த மா ஹுவான் என்ற முஸ்லிம், ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்தன என்கிறார். விலை பேசி முடிந்ததும் இருதரப்பாரும் கைகோத்து உறுதி செய்வராம். பின்னர் விலை ஏறினும் இறங்கினும் சொல் மாறாதாம். காமா பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

காமாவின் ஆட்களில் முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவன் சந்தித்தது யாரை? துனீசிலிருந்து வந்து தங்கியிருந்த இரு முஸ்லிம்களை! அவர்களோ ஐரோப்பிய மொழி அறிந்தவர்கள். இங்கே உங்களுக்கு என்ன வேலை என்ற பொருளில் அவர்கள் கடிந்து கேட்டதைப் பறங்கியரின் பயணக் குறிப்பே பதிந்து வைத்திருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்டவர்கள் கண்டுபிடித்தவனின் மொழியிலேயே வினவினார்கள் என்றால், கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்? அதே காமா 1502-இல் மீண்டும் வந்தபோது, மக்காவிலிருந்து ஹஜ்ஜுப் பயணிகளோடு திரும்பிய கப்பலொன்றைப் பெண்டு பிள்ளைகள் உட்பட எரித்தான். காப்பாட்டுக் கல்லின் முன் நிற்கும்போது இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1510-ஆம் ஆண்டு ஜனவரியில் அல்புகெர்க்கின் படை ஊருக்குள் புகுந்து மிஷ்கால் பள்ளிக்குத் தீ வைத்தது. சாமூதிரியின் நாயர் வீரர்கள் திருப்பித் தாக்க, பறங்கித் தளபதி ஒருவன் மாண்டான். அல்புகெர்க்கும் காயத்தோடு கப்பலேறினான். அந்தத் தீயின் வடுவைப் பள்ளியின் மேற்பகுதியில் இன்றும் காட்டுகிறார்கள். பின்னர் 1531-இல், தெற்கே சாலியாற்றின் முகத்துவாரத்தில் சாலியம் என்னும் ஊரில் பறங்கியர் கோட்டை கட்டினர். அங்கிருந்த பழம்பள்ளியை இடித்து அதன் கற்களையே கோட்டைக்கு இட்டதாகப் பொன்னானி சைனுத்தீன் மக்தூம் எழுதுகிறார். நாற்பதாண்டுகள் சென்று, 1571-இல், சாமூதிரி அக்கோட்டையை வென்று தரைமட்டமாக்கினார். இடித்த கல்லிலும் மரத்திலும் பெரும்பகுதி கள்ளிக்கோட்டைக்கு வந்தது. ஒரு பகுதி சாலியத்துப் பள்ளியை மீண்டும் கட்ட விடப்பட்டது. மிஷ்கால் பள்ளியைச் செப்பனிட்டதும் அந்த மரத்தைக் கொண்டுதான் என்று ஊரார் வழிவழியாய்ச் சொல்வர். கள்ளிக்கோட்டை காழி முஹம்மது அவர்கள் இவ்வெற்றியை 'ஃபத்ஹுல் முபீன்' என்ற அரபுக் காவியமாகப் பாடி, இந்து மன்னராகிய சாமூதிரியைப் புகழ்ந்தார். 1607-இல் 'முஹையித்தீன் மாலை'யை அரபு-மலையாளத்தில் பாடியவரும் அவரே. அதன் மொழியில் தமிழின் சாயலை நம்மவர் எளிதில் உணர்வர்.

அருகிலுள்ள முச்சுந்திப் பள்ளியில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டொன்று உண்டு. வட்டெழுத்தும் அரபியும் ஒரே கல்லில். பிறகு தெருக்களில் சற்று நடந்து பாருங்கள். பெரிய தறவாட்டு வீடுகள். மணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வருவார். காயல்பட்டினத்தார்க்கு இதில் வியப்பேதும் இராது. நண்பகலில் சிறுமணி அரிசிப் பிரியாணியும், அதன்பின் எலுமிச்சை பிழிந்த சுலைமானியும் பயணக் களைப்பைத் தீர்க்கும்.

மறுநாள் காலை பேப்பூர். கட்டுமானக் களத்தில் ஏதேனும் உரு நின்றால் அது உங்கள் நற்பேறு. காகித வரைபடமின்றி மூத்த தச்சரின் மனக்கணக்கிலேயே அம்மரக்கலம் உருவாகும். கலாசிகள் கயிற்றாலும் உருளையாலும் அதனை நீரில் இறக்குவர். வைக்கம் முஹம்மது பஷீர் 1994-இல் மறையும் வரை வாழ்ந்த ஊரும் இதுவே. யுனெஸ்கோ 2023-இல் கள்ளிக்கோட்டையை இலக்கிய நகராக அறிவித்தது. இந்தியாவில் அப்பெயரை முதலில் பெற்றது இந்நகரமே. ஆற்றைக் கடந்தால் சாலியம். கோட்டை அங்கே இல்லை. பள்ளிவாசல் இருக்கிறது.

காப்பாட்டுக்குக் கடைசி மாலையில் செல்லலாம். கடற்கரை அழகானது, கல்தூண் சிறியது.