விண்ணப்பத்தால் விளைந்த உரிமை

கல்லூரியில் பயிலும் நம் மாணவர்க்கு அரசு வழங்கும் உதவித்தொகையைத் தருமம் என்று கருதுவோர் இன்றும் உளர். நம் இளைஞருள்ளும் சிலர் அவ்வாறே எண்ணி, விண்ணப்பம் கொடுக்கக் கூசுகின்றனர். அக்கூச்சம் நீங்க வேண்டுமாயின், அத்தொகை பிறந்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையைக் கொண்டே அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். எல்லார்க்கும் அத்தகைய மன்னர் வாய்ப்பதில்லையே! நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில் 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியை நிறுவி, நம் பிள்ளைகட்குக் கல்விக்கண் திறந்தார். ஆயினும், பள்ளியைக் கடந்து கல்லூரி வாயிலை மிதிக்கக் கூலிக் குடும்பத்தாரிடம் பொருள் ஏது?

இக்குறையை உணர்ந்தவர் அண்ணல். வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அவர், 1942-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நம் மக்களின் குறைகளைத் தொகுத்து எழுதி அரசிடம் அளித்தார். அலிகார், காசிப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் பொருளுதவி செய்யும் அரசு, தாழ்த்தப்பட்டோரின் உயர்கல்விக்கு உதவலாகாதோ என்பது அவர்தம் வாதம். நம்மவர்க்கு வேண்டுவது அறிவியலும் தொழில்நுட்பமும் என அன்றே வலியுறுத்தினார். அதன் பயனாக, 1944-ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 3 இலட்ச ரூபாய் ஒதுக்கீட்டில் இவ்வுதவித்தொகைத் திட்டம் தோன்றிற்று. நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணுதல் அரசின் கடமை என 1950-இல் அரசியலமைப்பின் 46-ஆம் பிரிவும் நெறி வகுத்தது. ஆகவே, நாம் பெறுவது பிச்சையன்று. எழுதிக் கேட்டுப் பெற்ற உரிமை.

1957-இல் நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கியது. மண்வெட்டி பிடித்தவரும் இங்கு உளர். மாபெரும் எந்திரங்களை இயக்குவோரும் உளர். இவ்விருவரையும் பிரித்து வைப்பது கல்வியே. தொழில்நுட்பம் பயிலுமாறு அண்ணல் ஏன் கூறினார் என்பதற்கு இந்நகரை விடச் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.

உரிமை இருந்தும் கவனமின்மையால் அதனை இழப்பவர் உண்டு. எம் சங்கத்தின் உதவியை நாடிய மாணவி ஒருத்தியின் வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாமையால், அவளுக்குரிய தொகை காலத்தில் வந்து சேரவில்லை. அவ்வாண்டு அவள் அன்னையின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது. அதனை எம்மால் மறத்தல் இயலவில்லை.

2021 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், மத்திய அரசின் பங்கை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேரே செலுத்த வகை செய்தன. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 2.5 இலட்ச ரூபாய் என அவ்விதிகள் கூறின. எனவே, சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் கல்லூரி திறக்குமுன்னரே பெற்றிடுக. வங்கிக் கணக்கைச் சரிபார்த்திடுக. இறுதி நாள் வரை காத்திராது விண்ணப்பித்திடுக. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் மறவாதீர்.

சங்க உறுப்பினர்காள்! படிப்பறியாப் பெற்றோரின் பிள்ளைக்கு ஒரு படிவத்தை நிரப்பித் தருதலும் கல்வித் தொண்டே. அன்று அண்ணல் ஒரு விண்ணப்பம் எழுதினார். இன்று நம் இளைஞர் ஒவ்வொருவரும் ஒன்று எழுதுதல் வேண்டும்.