அசுரன் எலும்பு எங்கே போச்சு? அம்பகரத்தூர் கதை முதல் கல்லமேடு வரை

காரைக்காலிலிருந்து திருநள்ளாறைத் தாண்டி, பேரளம் சாலையில் போனால் அம்பகரத்தூர். டெல்டாக்காரர்களுக்கு இந்த ஊர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பத்ரகாளியம்மன்தான். அம்பரன் என்ற அசுரனை அம்மன் வதம் செய்த இடம் இது என்கிறது தலபுராணம். இந்தக் கதையைச் சொல்லி முடித்தால், கேட்கிற பிள்ளைகளில் ஒன்றாவது இப்படித்தான் கேட்கும்: "அவ்ளோ பெரிய அசுரன் செத்துப்போனானே, அவன் எலும்பெல்லாம் எங்க?"

நியாயமான கேள்வி. பெரியவர்கள் சிரித்து மழுப்பிவிடுவோம். ஆனால், உலகம் முழுக்க இதே கேள்வியை மனிதர்கள் கேட்டிருக்கிறார்கள், "இதோ இருக்கு" என்று பதிலும் சொல்லியிருக்கிறார்கள். அப்படிக் காட்டியதெல்லாம் என்ன என்று பார்த்தால், அசுரனைவிட ஆச்சர்யமான சமாசாரங்கள் கிடைக்கின்றன.

அம்பகரத்தூரில் தோண்டினால் என்ன கிடைக்கும்? வண்டல்தான். காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய மண். வயலில் எலும்போ, கல்லோ தட்டுப்படாத பூமி. அதனால் அம்பரனின் கதை கதையாகவே இருந்துவிட்டது. கல் வெளியே தெரியும் ஊர்களில் அப்படி இல்லை.

திருவக்கரையில் கிடக்கும் 'எலும்புகள்'

புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. இங்கேயும் ஒரு காளி, வக்ரகாளி. இங்கேயும் ஓர் அசுரன், வக்ராசுரன். வித்தியாசம் என்னவென்றால், திருவக்கரையில் அசுரனின் எலும்பைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்! ஊரைச் சுற்றித் தரையில் நீள நீளமாக, உருண்டு திரண்டு, எலும்பு மாதிரியே வெளிறிய கல் துண்டுகள் கிடக்கின்றன. வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள்தான் கல்லாகிவிட்டன என்று ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்.

அவை மரங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் சாய்ந்து, மணலில் புதைந்துபோனவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து கெட்டியானது. மரம் போய்விட்டது, அதன் அச்சு அப்படியே கல்லாக நின்றுவிட்டது. இந்தக் கல்மரங்களைப் பற்றி 18-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியர் சொன்னெரா. புளி, ஆமணக்குக் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் இவற்றில் உண்டு என்பது பிறகு தெரிந்தது. இன்று அது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா. சுமார் 247 ஏக்கர். கிளை இல்லை, இலை இல்லை, அடிமரங்கள் மட்டும் கிடக்கின்றன. கிளையெல்லாம் முறிந்து, வெள்ளத்தில் எங்கிருந்தோ உருண்டு வந்த மரங்களாக இருக்கலாம் என்கிறார்கள்.

கதை சொன்னவர்களை நாம் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. மரம்போல நார் தெரியுது, ஆனால் கல்லு. எலும்புபோல வெளுத்திருக்கு, ஆனால் ஆள் உயரத்தைவிடப் பெருசு. வேறு எப்படித்தான் அதை விளக்கியிருப்பார்கள்?

சுல்தான் வெட்டிய கால்வாயில் 'ராட்சதக் கை'

இந்தியாவின் மிகப் பழைய 'ராட்சத எலும்புக்கூடு' செய்திகளில் ஒன்று 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் வடக்கே கால்வாய் வெட்டியபோது, ஒரு மேட்டைத் தோண்டியவர்களுக்கு யானை எலும்புகளும், மனித எலும்புகளும் கிடைத்தனவாம். மனிதனின் முன்கை எலும்பு மட்டும் 3 கஜம் நீளம் இருந்தது என்று பின்னால் வந்த வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்டா எழுதியிருக்கிறார். சில எலும்புகள் கல்லாகியிருந்தன என்றும் சேர்த்தே சொல்கிறார். இந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது.

1830-களில் ஹியூ ஃபால்கனர், ப்ராபி காட்லி என்ற இருவர் சிவாலிக் மலையடிவாரத்தில் தோண்டத் தொடங்கினார்கள். அழிந்துபோன யானை இனங்கள், நீர்யானை, பிரமாண்டமான ஆமை, ஒட்டகச்சிவிங்கியின் சொந்தக்காரனான சிவதீரியம் என்று வண்டி வண்டியாக எலும்புகள் வந்தன. 1837-ல் லண்டன் புவியியல் சங்கம் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது. ஃபெரிஷ்டாவின் குறிப்பு ஃபால்கனருக்கும் தெரியும். சுல்தானின் ஆட்கள் தோண்டியதும் இதே மாதிரியான புதைபடிவங்களைத்தான்.

அது சரி, யானை எலும்பு மனித எலும்பு மாதிரி எப்படித் தெரியும்? மண்டை ஓடும் தந்தமும் கிடைக்காமல், கால் எலும்பு மட்டும் தனியாகக் கிடைத்தால் தெரியும். யானையின் தொடை எலும்பு நேராக, நீளமாக, உருண்ட தலையோடு இருக்கும். மனிதத் தொடை எலும்பைப் பெரிதாக்கி வைத்த மாதிரி. உடற்கூறு படிக்காத யாரும் ஏமாறுவார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1705-ல் ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிளாவராக் என்ற இடத்தில் 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பல் கிடைத்தது. நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் மூழ்கிய மனித ராட்சதனின் பல் என்றே அன்றைய படித்தவர்கள் நம்பினார்கள். உண்மையில் அது மாஸ்டோடான் என்ற யானை உறவுக்காரனின் கடைவாய்ப்பல். இந்த ஹட்சன் பள்ளத்தாக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனுக்கு வந்த கடோத்கஜன்

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு பெரிய பள்ளம். அதில் மல்லாந்து கிடக்கும் ராட்சத எலும்புக்கூடு. மண்டை ஓட்டுக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி மனிதர்கள். 'வட இந்தியாவில் பீமன் மகன் கடோத்கஜனின் எலும்புக்கூடு கண்டுபிடிப்பு, ராணுவம் அந்தப் பகுதியை மூடிவிட்டது' என்று கீழே ஒரு குறிப்பு. குடும்ப குரூப்பில் குறைந்தது 2 முறையாவது வந்திருக்கும்.

இதன் ஜாதகம் முழுசாகத் தெரியும். 2000-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில், கார்னெல் பல்கலைக்கழகத்தினர் மாஸ்டோடான் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தை மேலிருந்து படம் எடுத்தார்கள். 2002-ல் ஓர் இணையதளம், விசித்திரத் தொல்லியல் கண்டுபிடிப்பு என்ற தலைப்பில் படம் திருத்தும் போட்டி நடத்தியது. கனடாக்காரர் ஒருவர் 'அயர்ன்கைட்' என்ற புனைபெயரில், அந்தப் பள்ளத்தின் படத்தில் மனித எலும்புக்கூட்டை ஒட்டவைத்து அனுப்பினார். மூன்றாம் பரிசும் வாங்கினார். யாரையும் ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை.

2004-ல் வங்கதேசப் பத்திரிகை ஒன்று அதைச் செய்தியாகவே போட்டது. 2007-ல் மும்பையிலிருந்து வரும் மாத இதழ் ஒன்று, நேஷனல் ஜியாக்ரஃபிக் குழு கண்டுபிடித்ததாகச் சொல்லி வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நேஷனல் ஜியாக்ரஃபிக்கே 'நாங்கள் அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை' என்று விளக்கம் கொடுத்தது. அந்த இதழின் ஆசிரியரும், தாங்கள் ஏமாந்துவிட்டதை ஒப்புக்கொண்டார். சவூதி அரேபியாவில் இதே படம் வேறொரு புராண இனத்தின் பெயரில் சுற்றியது தனிக்கதை.

ஹைட் பார்க் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே ஹட்சன் ஆற்றங்கரையில். 1705-ல் ஒரு பல்லைப் பார்த்து மனிதன் என்று நம்பிய அதே பள்ளத்தாக்கு, 300 ஆண்டு கழித்து நமக்குக் கடோத்கஜனை அனுப்பிவைத்தது. விலங்குகூட அதே மாஸ்டோடான்தான்!

60 அடி மனிதன் ஏன் நிற்க முடியாது?

இந்தக் கணக்கை 1926-ல் எளிமையாக எழுதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டிஷ் உயிரியலாளர், 1957-ல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் காலமானவர். அவர் சொல்வது இதுதான். ஒரு மனிதனை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெரிதாக்குங்கள். எடை 10 மடங்கு கூடாது, 1,000 மடங்கு கூடும். ஆனால் அந்த எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்குதான் கூடும். அதாவது, எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் 10 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். மனிதத் தொடை எலும்பு சுமார் 10 மடங்கு சுமையில் முறிந்துவிடும். அசுரன் முதல் அடி எடுத்து வைத்ததுமே கால் ஒடிந்துவிடும்; காளிக்கு வேலையே இருக்காது.

உறுதியான பதிவுகளின்படி, இதுவரை வாழ்ந்தவர்களில் மிக உயரமானவர் அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ. 272 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 9 அடி. பிட்யூட்டரி சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்ததால் வந்த வளர்ச்சி. அவருக்கு நடக்கக் காலில் இரும்புப் பட்டை தேவைப்பட்டது. பாதத்தில் உணர்ச்சி குறைவு. அந்தப் பட்டை உரசி வந்த கொப்புளத்தில் சீழ் பிடித்து, 1940-ல் 22 வயதில் இறந்துபோனார்.

அவருக்கு முன்னால், அயர்லாந்தின் சார்லஸ் பைர்ன். 7 அடி 7 அங்குலம். லண்டனில் காட்சிப்பொருளாக நின்று பிழைத்தவர், 1783-ல் 22 வயதில் இறந்தார். 'என் உடலை மருத்துவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள், கடலில் போட்டுவிடுங்கள்' என்று நண்பர்களிடம் கெஞ்சியிருந்தார். அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் பணம் கொடுத்து உடலை வாங்கி, எலும்புக்கூடாக்கிவிட்டார். 200 ஆண்டுக்கு மேல் அது கண்ணாடிக் கூண்டில் நின்றது. 2011-ல் அவருடைய பல்லிலிருந்து எடுத்த மரபணுவில், இந்த வளர்ச்சிக்குக் காரணமான பிறழ்வைக் கண்டுபிடித்தார்கள். 2023-ல் அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோதுதான் அவரைக் காட்சியிலிருந்து எடுத்தார்கள். உலகில் நிஜமாகவே இருந்த 'ராட்சத' எலும்புக்கூடு இது. ஒரு நோயாளியினுடையது, அவர் விருப்பத்துக்கு மாறாக எடுத்துவைக்கப்பட்டது.

காவிரிப் படுகையின் நிஜ ராட்சதன்

இப்போது நம் பக்கம் வருவோம். அம்பகரத்தூர் வண்டலுக்குக் கீழே வெகு ஆழத்தில் புதைந்திருக்கும் காவிரிப் படுகைப் பாறைகள், மேற்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனால் வெளியே தலைகாட்டுகின்றன. ஒரு காலத்தில் அதெல்லாம் கடல். நத்தை மாதிரிச் சுருண்ட அம்மோனைட்டுகள் சுண்ணாம்புச் சுரங்கங்களில் சாதாரணமாகக் கிடைக்கும். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது 'டைனோசர் முட்டை' என்று ஊரே திரண்டது. அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கெட்டியான கல் உருண்டைகள் என்று விளக்கம் வந்தபோது, கூட்டம் கலைந்திருந்தது.

ஆனால் டைனோசர் இல்லாமல் இல்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் இடுப்பெலும்பு, தொடை எலும்பின் பகுதி, கணுக்கால் மேலுள்ள காலெலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவற்றைக் கண்டுபிடித்தார்கள். 1980-களின் இறுதியில் அதற்கு வைத்த பெயர், ப்ருஹத்காயோசாரஸ். 'பேருடல் கொண்ட பல்லி' என்று அர்த்தம். காலெலும்பின் நீளம் 2 மீட்டர். உங்கள் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பைப் போல 5 மடங்கு. உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்று என்று சொல்லப்படும் அர்ஜென்டினோசாரஸுக்கே அது சுமார் ஒன்றரை மீட்டர்தான்.

அந்த எலும்புகள் இன்று இல்லை. கல்லமேட்டில் எலும்புகள் களிமண்ணில் பொதிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருப்பவை. அருங்காட்சியகத்தில் வைக்கும் முன்பே நொறுங்கிப்போயின. வெளியான விவரமும் கோட்டுப் படங்களும் கொஞ்சம்தான் என்பதால், 'அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கலாம்' என்று வெளிநாட்டில் சந்தேகம் கிளம்பியது. வேடிக்கையைப் பாருங்கள், திருவக்கரையில் மரத்தை எலும்பு என்றோம். கல்லமேட்டில் எலும்பை மரம் என்றார்கள். 2022-ல் தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்களை அய்யாசாமியும் இன்னோர் ஆய்வாளரும் வெளியிட்ட பிறகுதான், அது டைனோசர் எலும்பே என்ற கருத்து வலுத்தது. ஒட்டுவேலை செய்த படம் கோடிப் போன்களில் பத்திரமாக இருக்கிறது. நிஜ ராட்சதனுக்கு மிஞ்சியது சில பழைய போட்டோக்கள்.

வானத்தின் மேல் பழி

எலும்பில் மட்டும் இல்லை, விபத்திலும் இதே அவசரம் நடக்கிறது. 2016 பிப்ரவரி 6. அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய வெடிச்சத்தம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். தரையில் ஒரு சிறு குழி, பக்கத்தில் கறுப்புக் கல். விண்கல் விழுந்ததாக அரசே அறிவித்து நிவாரணம் கொடுத்தது. உலகப் பத்திரிகைகள், 'விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர்' என்று எழுதின.

நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, தரையில் நிகழ்ந்த வெடிப்புபோலத் தெரிகிறது என்றார்கள். காரணம் எளிது. சிறிய விண்கல் காற்று மண்டலத்தில் மிக உயரத்திலேயே வேகத்தை இழந்துவிடும். கடைசியில் மாடியிலிருந்து போட்ட கல் மாதிரிதான் விழும், வெடிக்காது. 1954-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஆன் ஹாட்ஜஸ் என்ற பெண் மீது, கூரையைப் பொத்துக்கொண்டு 4 கிலோ அளவுள்ள விண்கல் விழுந்தது. இடுப்புப் பக்கம் கன்றிப்போனது, உயிர் பிழைத்தார். 1888-ல் இன்றைய இராக்கின் சுலைமானியாவில் விண்கல்லால் ஒருவர் இறந்ததாகச் சொல்லும் துருக்கி அரசு ஆவணங்கள் 2020-ல் வெளிவந்தன. அந்தச் சாதனைப் பட்டியலில் நாட்றம்பள்ளிக்கு இடம் இருக்கா, இல்லையா என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. வானத்திலிருந்து விழுந்தது என்று முடிவானால், தரையில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வெடிபொருள் என்றால், அங்கே யார் வைத்தார்கள், ஏன் கவனிக்கவில்லை என்று அந்த ஓட்டுநரின் குடும்பம் கேட்கலாம்.

கேரளாவில் 2001-ல் பெய்த சிவப்பு மழைக்கும் முதலில் விண்கல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆய்வில் அது ட்ரென்டிபோலியா என்ற பாசியின் நுண்விதைகள் என்று தெரிந்தது.

உங்கள் கண்ணில் பட்டால்...

குளம் வெட்டும்போதோ, கிணறு தோண்டும்போதோ விசித்திரமான எலும்போ, கல்லோ கிடைத்தால் பிடுங்கி எடுக்காதீர்கள். இருந்த நிலையிலேயே பக்கத்தில் ஓர் அளவுகோலோ, பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். எந்த மண் அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளருக்கு எலும்பைவிட இதுதான் முக்கியம். கழுவ வேண்டாம், உதிர்ந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். நேரில் பார்க்க ஆசை இருந்தால், அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கேள்வி கேட்ட பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்க.