சூப்பர் மாரியோ 64: மறுவெளியீடுகள்

நின்டெண்டோ 64 கருவிக்காக 1996இல் வெளிவந்த முப்பரிமாண வீடியோ கேம். சாய்க்கும் அளவுக்கேற்ப மாரியோவை மெல்ல நடக்கவும் பாய்ந்து ஓடவும் வைக்கும் அனலாக் குச்சியே இதன் உயிர். 2004இல் கையடக்க டிஎஸ் கருவிக்கு வந்த மறுபதிப்பில் அக்குச்சி இல்லை. திசைப் பொத்தான்களால் நகர்த்தி, ஓடத் தனிப் பொத்தானை அழுத்த வேண்டும், தொடுதிரையிலும் இயக்கலாம். ஆடக்கூடிய பாத்திரங்களாக யோஷி, லூயிஜி, வாரியோ சேர்ந்தனர். சேகரிக்க வேண்டிய நட்சத்திரங்கள் 120இலிருந்து 150 ஆயின. ஆனாலும் மூலத்தின் வழுக்கிச்செல்லும் லாவகம் இதில் இல்லை. டிஎஸ் வழியே முதலில் அறிந்தவருக்கு, மூலம் ஏன் கொண்டாடப்பட்டது என்பது எளிதில் விளங்காது.

2020இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த மாரியோ விளையாட்டுத் தொகுப்பில் குச்சி திரும்பியது. அதிலுள்ள இந்த ஆட்டம் 1997இன் திருத்திய ஜப்பானியப் பதிப்பை அடியொற்றியதால், விரைவாக முடிக்கும் போட்டியாளர்கள் பயன்படுத்திவந்த பின்னோக்கிய நெடுந்தாவல் என்னும் நிரல்பிழைத் தந்திரம் அதில் பலிக்காது.