'கெட்ட பேரு'ன்னு ஒரு ஆல்பம்

இந்த எபிசோட்ல ஒரு ஹார்ட் ராக் ஆல்பத்தோட வரலாற்றைப் பேசப் போறோம். ஆல்பத்தோட பேரு 'பேட் ரெப்யூட்டேஷன்'. தமிழ்ல 'கெட்ட பேரு'.

நான் ராஜபாளையத்துல வளர்ந்தவ. எங்க ஊர்லயும், அரை மணி நேர பஸ் தூரத்துல இருக்குற ஸ்ரீவில்லிபுத்தூர்லயும், பொண்ணுங்களுக்கு இந்த வார்த்தை நல்லாவே தெரியும். சத்தமா சிரிச்சா பேரு கெட்டுரும், லேட்டா வீட்டுக்கு வந்தா பேரு கெட்டுரும், மேடையேறிப் பாடினா சொல்லவே வேண்டாம். பேரு நம்மளோடது. ஆனா அதுக்கு மார்க் போடுறது தெரு. அதனாலயே இந்தத் தலைப்பை முதல்ல கேட்டப்போ, அமெரிக்கால இப்படி ஒண்ணை அட்டையிலயே அச்சடிச்சு வித்திருக்காளே, யாரு இவன்னு தேடினேன்.

அவங்க பேரு ஜோன் ஜெட். 1958ல பென்சில்வேனியாவுல பிறந்தவங்க. பதின்ம வயசுல கிதார் கைக்கு வந்ததும் ராக் அண்ட் ரோல் கத்துக்கணும்னு ஒரு வாத்தியார்கிட்ட போயிருக்காங்க. பொண்ணுங்க ராக் வாசிக்கிறதில்லைன்னு சொன்ன அவர், ஒரு பழைய நாட்டுப்பாட்டைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாராம். இதை ஜோனே பல பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. அந்த வகுப்பை விட்டுட்டு, வீட்டுல உக்காந்து தானே கத்துக்கிட்டாங்க.

1975ல, லாஸ் ஏஞ்சலிஸ்ல, டிரம்மர் சாண்டி வெஸ்ட்டோட சேர்ந்து 'தி ரனவேஸ்' குழுவைத் தொடங்கினாங்க. எல்லாருமே டீன் ஏஜ் பொண்ணுங்க. 1977ல ஜப்பான் போனப்போ ரசிகர் கூட்டம் அலைமோதுச்சு. சொந்த நாட்டுல பத்திரிகைகள் அவங்க வாசிப்பைப் பத்தி எழுதினதைவிட, உடுப்பையும் வயசையும் பத்தி எழுதினதுதான் அதிகம். 1979ல குழு கலைஞ்சுது. ஜோனுக்கு அப்போ 20 வயசுதான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நம்ம கதை. கென்னி லகுனாங்கிற பாட்டுத் தயாரிப்பாளரோட சேர்ந்து ஜோன் தனி ஆல்பம் பதிவு பண்ணாங்க. 1980ல அது ஐரோப்பாவுல வெளிவந்துச்சு. அமெரிக்கால 23 கம்பெனிகள் வேண்டாம்னு திருப்பி அனுப்பின. அனுப்பின டேப்ல 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' பாட்டும் இருந்துச்சு. கேட்டுட்டுத்தான் வேண்டாம்னாங்க.

லகுனா, மகளோட காலேஜ் படிப்புக்காகச் சேர்த்து வச்சிருந்த பணத்தை எடுத்தாரு. ரெண்டு பேரும் சொந்தமா ரெகார்டு அச்சடிச்சாங்க. கச்சேரி முடிஞ்சதும் கார் டிக்கியைத் திறந்து வச்சு வித்தாங்க. பிளாக்ஹார்ட் ரெக்கார்ட்ஸ் அப்படித்தான் பிறந்துச்சு. அன்னைக்கு ராக் உலகத்துல ஒரு பாடகி சொந்தமா லேபிள் வச்சிருக்கிறதுங்கிறது ரொம்ப அபூர்வம். ரெகார்டு கேட்டு வர்றவங்க அதிகமாயி, இவங்களால சமாளிக்க முடியாத நிலை வந்தப்போ, நீல் போகார்ட்டோட போர்ட்வாக் கம்பெனி அதை எடுத்து 1981ல மறுபடி வெளியிட்டுச்சு. அப்பதான் 'பேட் ரெப்யூட்டேஷன்'ங்கிற தலைப்பு வந்துச்சு.

ஆல்பத்தோட முதல் பாட்டே தலைப்புப் பாட்டுதான். மூணு நிமிஷம்கூட கிடையாது. ஊரு என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லைங்கிறதுதான் மொத்த விஷயமும். கிதார்ல பெரிய வித்தையெல்லாம் காட்ட மாட்டாங்க. ஒரே வேகத்துல, முரட்டுத்தனமா, சுத்தமா அடிச்சுட்டுப் போவாங்க. லெஸ்லி கோர் 1963ல பாடின 'யூ டோன்ட் ஓன் மீ'யும் இந்த ஆல்பத்துல இருக்கு. நான் உன் சொத்து இல்லைன்னு காதலன்கிட்ட சொல்ற பாட்டு. 23 கம்பெனிகளுக்குப் பிறகு அதைக் கேட்டா, முதலாளிகள்கிட்ட சொல்ற மாதிரியும் இருக்கு.

இப்போ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். மார்கழி மாசம் காலையில ஸ்பீக்கர்ல வர்ற திருப்பாவை உங்க எல்லாருக்கும் தெரியும். 30 பாசுரம். ஆனா ஆண்டாளோட பெரிய படைப்பு அது இல்லை. 143 பாசுரம் கொண்ட நாச்சியார் திருமொழிதான். அதுல கல்யாணக் கனவைச் சொல்ற 'வாரணமாயிரம்' பகுதி மட்டும் கல்யாண வீடுகள்ல கேக்கும். உடம்பையும் ஏக்கத்தையும் கோபத்தையும் வெளிப்படையா சொல்ற மத்த பாசுரங்கள் ஸ்பீக்கர் பக்கம் அவ்வளவா வர்றதில்லை.

அதோட பன்னிரண்டாவது திருமொழியை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அக்கம்பக்கத்துக்கெல்லாம் விஷயம் தெரிஞ்சு போச்சு, இனிமே வெக்கப்பட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, என்னைக் கண்ணன் இருக்குற இடத்துல கொண்டுபோய் விட்ருங்கன்னு ஆண்டாள் சொல்றா. கெட்ட பேரு வந்தாச்சு, இனி பயம் எதுக்குங்கிற இதே வாதம், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுலயே எங்க ஊர்ப் பக்கம் பாட்டாயிடுச்சு. ஆண்டாளுக்கு இது பக்தி, ஜோனுக்கு ராக். ரெண்டையும் ஒண்ணாக்க நான் முயற்சி பண்ணலை. ஊரோட பேச்சுக்கு ரெண்டு பேரும் கொடுக்குற பதில் ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் நாயகி பாவத்துல, பொண்ணு குரலை எடுத்துப் பாடினவங்க. ஆண்டாளுக்கு அந்தக் குரல் சொந்தம். ஜோனோ ஆம்பளைங்க எழுதின பாட்டைக் கையில எடுத்தாங்க. 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' முதல்ல தி ஆரோஸ் குழு 1975ல பாடினது. ஒரு பையன் பொண்ணைப் பார்க்குற அந்தக் கதையை, பொண்ணு பையனைப் பார்க்குறதா ஜோன் மாத்திட்டாங்க. 'கிரிம்சன் அண்ட் க்ளோவர்' பாட்டுல 'அவள்'ங்கிறதை மாத்தாமலே பாடினாங்க. முதல் பாட்டு 1982ல அமெரிக்கப் பட்டியல்ல ஏழு வாரம் முதலிடத்துல நின்னுச்சு. ரெண்டாவதும் முதல் பத்துக்குள்ள வந்துச்சு.

ஆனா பாட்டை யார் எழுதினாங்கங்கிறது வேற, அது யார் கையில இருக்குங்கிறது வேற. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில்ல பாசுரங்களைப் பாடி அபிநயிக்கிற அரையர் சேவை இன்னும் நடக்குது. அது பரம்பரையா ஆண்கள் செய்யுற சேவை. அந்தக் கலையைக் காப்பாத்தினவங்க அவங்க, அந்த மரியாதை எனக்கு உண்டு. அதே நேரம், ஒரு பொண்ணோட பாட்டு அவ ஊர்க் கோயில்லயே ஆண் குரல்ல ஒலிக்குதுங்கிறதையும் கவனிக்காம இருக்க முடியலை. ஜோன் சொந்த லேபிளை ஏன் அவ்வளவு கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்கன்னு எனக்கு இங்கதான் புரிஞ்சுது. எந்தப் பாட்டு வெளிய போகணும், எது போகக்கூடாதுன்னு முடிவு பண்றவங்க வேற யாரோன்னா, பாதிப் பாட்டுதான் வெளிய வரும்.

2015ல ஜோன் ஜெட் அண்ட் தி பிளாக்ஹார்ட்ஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. பிளாக்ஹார்ட் லேபிள் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

இந்த வாரம் ஒரு வேலை வைங்க. பன்னிரண்டாவது திருமொழியை உரையோட படிங்க, அப்புறம் இந்த ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து போடுங்க. வீட்டுல சத்தத்தைக் குறைக்கச் சொன்னா, என்ன பாட்டுன்னு அர்த்தத்தை அவங்களுக்கும் சொல்லிப் பாருங்க. எங்க அம்மாகிட்ட நான் சொன்னேன். "பேரு மட்டும்தான் கெட்ட பேரா, பாட்டு நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.