த்கினே: மன்றாட்டுக்குள் வந்த மறைஞானம்

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழியான யித்திஷில் 'த்கினே' என்றொரு சொல் உண்டு. மன்றாட்டு என்று பொருள். எபிரேயத்தின் 'தெகின்னா'தான் இப்படித் திரிந்தது. அருள், இரக்கம் என்ற பொருளுடைய வேரிலிருந்து கிளைத்த சொல் அது. தமிழ் விவிலியம் அன்னாள் என்றழைக்கும் ஹன்னாவின் பெயரும் அதே வேரில் பிறந்ததே. உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்ட அவளை, குடித்திருக்கிறாள் என்றெண்ணி ஆசாரியர் ஏலி கடிந்துகொண்டார். எப்படி வேண்ட வேண்டும் என்பதற்கு அந்தப் பெண்ணைத்தான் யூதர்களின் சமயச் சட்டநூலான தல்மூது இலக்கணமாகக் காட்டுகிறது.

விவிலியத்தில் தெகின்னா பொதுச்சொல். ஆலயப் பிரதிஷ்டையில் சாலமோன் மன்னர் செய்ததும் தெகின்னாதான். யித்திஷில் பொருள் குறுகியது. பெண்கள் தம் மொழியில் சொல்லும் வேண்டுதலும், அது அச்சான சிறுநூலும் மட்டுமே த்கினே ஆயின. 1648இல் ஆம்ஸ்டர்டாமில் இப்பெயரில் ஒரு தொகுப்பு வந்தது.

கபாலா எனும் மறைஞானமோ ஆண்களின் கல்வி. அதன் தலைநூலான சோஹர், 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அரமேய மொழியில் வெளிப்பட்டது. பெண்களில் மிகப் பலருக்கு அந்த மொழி எட்டாதது. ஆண்களுக்கும் வேலி உண்டு: 30 வயதுக்கு முன் சோஹரையும், 40க்கு முன் கபாலா ஞானி லூரியாவின் மரபு நூல்களையும் படிக்கக் கூடாதென்று 1756இல் பிரோடி நகரில் தடை விதித்தார்கள்.

அந்த வேலியைத் த்கினே சத்தமின்றித் தாண்டியது. 1711இலேயே சோஹரின் பகுதிகள் யித்திஷில் அச்சாகியிருந்தன. 18ஆம் நூற்றாண்டில் சாரா பாஸ் தோவிம் எழுதிய 'மூன்று வாயில்கள்' என்ற த்கினேயில், சோஹர் வருணிக்கும் பெண்களின் சொர்க்கம் வருகிறது. பார்வோனின் மகளும் மோசேயின் தாயும் அங்கே மாளிகைகளில் வீற்றிருக்கிறார்கள். அதே நூலில் மெழுகுத்திரி செய்யும் பெண்களுக்கான வேண்டுதலும் உண்டு. கல்லறைகளைச் சுற்றி நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக்கி, யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளுக்கு மெழுகுத்திரி வார்ப்பார்கள். ஒவ்வொரு திரியையும் போடும்போது ஆதாமையோ ஆபிரகாமையோ சாராளையோ பெயர்சொல்லி வேண்டுவார்கள். மறைஞானம் கைவேலையோடு கலந்த இடம் இது.

லேயா ஹோரோவிட்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். ரப்பியின் மகளான அவர், தல்மூது பாடத்தில் தடுமாறிய சிறுவனுக்கு வரிகளை எடுத்துச் சொல்லி உதவியவர். அந்தச் சிறுவனே, போலெகோவின் பெர், பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதிவைத்தார். லேயாவின் 'அன்னையர் த்கினே'க்கு எபிரேயத்தில் முன்னுரை, அரமேயத்தில் பாடல், யித்திஷில் மன்றாட்டு. சொந்தத் தேவைக்காக மட்டும் அழாதீர்கள், நாடிழந்து அலையும் ஷெகினா என்ற இறைப்பிரசன்னத்துக்காக அழுங்கள் என்பது அதன் சாரம். பெண்களின் கண்ணீருக்கு மீட்பையே கொண்டுவரும் வலிமை உண்டென்று அவர் நம்பினார். இது கபாலாவின் மையமான கருத்து.

கபாலாவைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது 20ஆம் நூற்றாண்டு என்று எழுதுகிறவர்கள், சாராவையும் லேயாவையும் முதலில் படிக்க வேண்டும்.