37 பேர் இருந்த சபை

2012 செப்டெம்பர் 8 இல் நாம் வாக்களித்துத் தெரிவு செய்த கிழக்கு மாகாண சபையில் 37 உறுப்பினர்கள். வெற்றிலைக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, யானைக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. அந்த ஏழும் சாய்ந்த பக்கமே ஆட்சி. முதலில் நஜீப் ஏ. மஜீத், 2015 பெப்ரவரியில் ஹாபிஸ் நஸீர் அஹமட். முதலமைச்சர் நம்மவர் என்று சந்தோஷப்பட்டோம்.

ஆனால் ஆட்சியமைத்த சில வாரங்களிலேயே அதே சபை திவிநெகும சட்டமூலத்துக்குச் சம்மதம் கொடுத்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. மாகாணத்துக்குரிய விடயங்கள் அதில் இருப்பதால் சபைகளிடம் கேட்க வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். கேட்டார்கள். நம் சபை தன் அதிகாரத்தைத் தானே எடுத்துக் கொடுத்தது, முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவோடு. அமைச்சுப் பதவிகளுக்காகப் பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு அந்த நாளில் வாய் வரவில்லை.

2017 செப்டெம்பர் 30 இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பத்து நாள் முன்புதான் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தது: எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! அதன்பின் தேர்தலே இல்லை. நியதிச்சட்டம் இயற்ற ஆளில்லை. ஆசிரியர் இடமாற்றமோ, ஊர் வீதியோ, நாம் போய் நிற்பது ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் வாசலில்.